சிறிய விண்கலம்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

புது தில்லி: ராக்கெட்டின் மூன்று திட எரிபொருள் கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து முடிந்தன. வெடிப்பு ஏதும் நிகழவில்லை. ஆயினும், 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட எஸ்எஸ்எல்வி என்னும் சிறிய ராக்கெட் தனது முதல் பயணத்திலேயே தோல்வி கண்டது. 356 கிலோமீட்டர் உயர வட்டப் பாதையில் விடப்பட வேண்டிய இரு செயற்கைக்கோள்கள், 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டப் பாதையில் விடப்பட்டன. 76 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் இழுப்பு உண்டு. அங்கே எந்தச் செயற்கைக்கோளும் நிலைத்திருக்க முடியாது. இவையும் நிலைக்கவில்லை.

வேகத்தில் ஏற்பட்ட குறைவு விநாடிக்கு 56 மீட்டர் மட்டுமே. விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம் தேவைப்படும் இடத்தில் இது நூற்றில் ஒரு பங்கு கூட அல்ல. இரண்டாவது கட்டம் பிரிந்தபோது, கருவிகள் பொருத்தப்பட்டிருந்த தளத்தில் சிறிது நேரம் எதிர்பாராத அதிர்வு ஏற்பட்டது. வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள் அந்த அதிர்வில் தற்காலிகமாக நிலைகுலைந்தன. பழுதான உணரியைக் கண்டறிந்து ஒதுக்குவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள், அவை அனைத்தும் பழுதாகிவிட்டன என்று முடிவு கட்டியது. உடனே ராக்கெட் "கிடைத்ததைக் காப்பாற்றும்" மாற்று நிலைக்குச் சென்றது. உணரிகள் மீண்டும் சரியாகியிருக்குமா என்று பொறுத்துப் பார்க்க அந்த மென்பொருளுக்குக் கற்பிக்கப்படவில்லை.

சென்ற இரு கோள்களில் ஒன்று இஓஎஸ்-02. மற்றொன்று சுமார் 8 கிலோ எடை கொண்ட ஆசாதிசாட். நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்த 75 சிறு கருவிகள் அதில் இருந்தன. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு அதை ஒருங்கிணைத்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அவர்களில் அடங்குவர். மாணவிகள் செய்த எதிலும் குறையில்லை. அவர்கள் பார்த்தே இராத சில வரி மென்பொருள் அவர்களது உழைப்பை வீணாக்கியது.

சிறிய விண்வெளித் திட்டங்களுக்கு மென்பொருள் எழுதும்போது எவ்வளவு விதிமுறை வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் கிடையாது. "சிறியதுதானே, செலவும் குறைவுதானே, தோற்றால் என்ன" என்ற மனப்பாங்கு உலகெங்கும் பரவி வருகிறது. அது முற்றிலும் தவறான மனப்பாங்கும் அல்ல. ஆனால் எதைக் குறைப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பெரிய திட்டத்தின் பாரம்: விண்கலத்தின் மென்பொருள், ஒரு நிரலாளர் அமர்ந்து எழுதி முடித்துவிடும் காரியமல்ல. கலம் என்ன செய்ய வேண்டும் என்பது முதலில் வரிவரியாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிராக வடிவமைப்பு, பிறகு நிரல், பிறகு அந்த நிரலைச் சோதிக்கும் சோதனை. எழுதியவர் அல்லாத வேறொருவர் அதைப் படித்துப் பார்க்கிறார். பிறகு முழுக் கலத்தையும் கணினியில் போலியாக ஓட்டிப் பார்க்கிறார்கள். பாதியில் ஒரு வரியை மாற்றினாலும் அதற்கென ஒரு குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். இவை அனைத்துக்கும் ஆவணங்கள் உண்டு. மனிதர்களை ஏற்றிச் செல்லும் கலத்துக்கு இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது.

ஆனால் பத்து மாணவர்களும் ஒரு பேராசிரியரும் இரண்டு ஆண்டுகளில் செய்யும் பத்து கிலோ செயற்கைக்கோளுக்கு இதையே விதித்தால், கோள் பூமியை விட்டுக் கிளம்பாது. ஆவணங்கள் மட்டுமே மிஞ்சும். தில்லி அமைச்சகங்களின் கோப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா கண்டுள்ள வழி கவனிக்கத்தக்கது. அங்கே விண்கலக் கருவிகள் ஏற்கத்தக்க இடரின் அளவைப் பொறுத்து "ஏ" முதல் "டி" வரை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. "டி" பிரிவு என்றால் செலவு குறைவு, ஆயுள் குறைவு, தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். மென்பொருளுக்குத் தனியாக "ஏ" முதல் "எஃப்" வரை ஆறு பிரிவுகள் உள்ளன. மனிதர் செல்லும் கலத்தின் மென்பொருள் முதற்பிரிவு. அலுவலகக் கணினி வேலைகள் கடைசிப் பிரிவு. பிரிவு இறங்க இறங்க, கடைப்பிடிக்க வேண்டிய விதிகளும் குறைகின்றன.

அதற்கும் மேலாக, தனக்குப் பொருந்தாத விதியிலிருந்து விலக்குக் கேட்கும் உரிமை ஒவ்வொரு திட்டத்துக்கும் உண்டு. ஆளுக்கேற்ப அளவெடுத்துச் சட்டை தைப்பதைப் போன்றது இது என்று அங்கே சொல்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விதிகள் அனைத்தும் கொண்ட அட்டவணை ஒன்றை நிரப்ப வேண்டும். எந்த விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது, எது பொருந்தாது, எதற்கு விலக்கு வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத வேண்டும். திட்ட மேலாளரின் அதிகாரத்துக்கு உட்படாத தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும். அதாவது, ஒரு சோதனையைச் செய்யாமல் விடலாம். விட்டதை மறைக்க முடியாது. விட்டவர் பெயரும், அனுமதித்தவர் பெயரும் ஏட்டில் இருக்கும்.

1999-இன் பாடம்: இந்த ஏற்பாட்டை எளிதில் மதிப்பிட்டுவிடக் கூடாது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1990-களில் நாசாவின் தலைவராக இருந்த டேனியல் கோல்டின் "வேகம், தரம், மலிவு" மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டார். தொடக்கத்தில் அது நல்ல பலனும் தந்தது. 1999-இல் செவ்வாய்க்குச் சென்ற இரு கலங்கள் அடுத்தடுத்து அழிந்தன.

முதலாவது, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். செப்டம்பர் 23-ஆம் தேதி செவ்வாயின் காற்று மண்டலத்துக்கு மிக அருகில் சென்று மறைந்தது. உந்துவிசையைத் தரைநிலையத்தில் கணக்கிட்ட மென்பொருள் பவுண்டு அளவில் விடை தந்தது; அதைப் பெற்றுக்கொண்ட மென்பொருள் நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நான்கரை மடங்கு வித்தியாசம். நியூட்டனில்தான் தர வேண்டும் என்று விதி எழுத்தில் இருந்தது. இரு மென்பொருள்களையும் ஒன்றாக வைத்து முழுமையாகச் சோதிக்கும் வேலைதான் நடக்கவில்லை. கலத்தில் பறக்காத, தரையில் இருக்கும் மென்பொருள்தானே என்ற அலட்சியம் அதில் தெரிந்தது.

இரண்டாவது, மார்ஸ் போலார் லேண்டர். டிசம்பர் 3-ஆம் தேதி தரையிறங்கும் முயற்சியில் காணாமல் போனது. கால்கள் விரியும்போது ஏற்பட்ட குலுக்கலைத் தரை தொட்டதாக மென்பொருள் எடுத்துக்கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருக்கலாம் என்பதே விசாரணைக் குழு கண்ட மிகச் சாத்தியமான காரணம். அத்தகைய பொய்ச் சமிக்ஞையைப் பொருட்படுத்தக் கூடாது என்பது கலத்தின் ஒட்டுமொத்தத் தேவைப் பட்டியலில் இருந்தது. மென்பொருள் குழுவுக்குத் தரப்பட்ட தேவைப் பட்டியலில் அது தெளிவாக இறங்கவில்லை.

இரண்டிலும் குறைக்கப்பட்டது எது என்று பார்த்தால், காகிதம் குறைந்ததால் எந்தக் கலமும் விழவில்லை. முழுமையாக ஓட்டிப் பார்க்கும் சோதனையும், ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்குச் செல்லும் செய்தியைச் சரிபார்க்கும் கண்ணும் குறைந்ததால் விழுந்தன. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

கைப்பேசிச் சில்லும் செவ்வாயும்: சரியாக அளவெடுத்துத் தைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் செவ்வாயிலேயே சான்று இருக்கிறது. பெர்சிவியரன்ஸ் ஊர்தியுடன் சென்ற இன்ஜெனுவிட்டி என்னும் சிறிய ஹெலிகாப்டர் ஒரு தொழில்நுட்பச் சோதனை மட்டுமே. 30 செவ்வாய் நாள்களில் ஐந்து முறை பறந்தால் போதும் என்று திட்டமிடப்பட்டது. 2021 ஏப்ரல் 19 முதல் 2024 ஜனவரி 18 வரை அது 72 முறை பறந்தது.

அதன் மூளை, கைப்பேசிகளில் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சில்லு. அதில் ஓடியது லினக்ஸ். கலத்தின் மென்பொருள், "எஃப் பிரைம்" என்ற பெயரில் நாசாவின் ஜெட் உந்து ஆய்வகம் உருவாக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது. ஒரு பெரிய விண்கலத்தில் இவற்றில் எதையும் எளிதில் அனுமதித்திருக்க மாட்டார்கள். ஆனால் சமநிலையைக் காக்கும் வேலையைக் கைப்பேசிச் சில்லிடம் ஒப்படைக்கவில்லை. அதற்கு மோட்டார் வாகனங்களில் பயன்படும் பாதுகாப்புத் தர நுண்செயலிகள் இரண்டை வைத்தார்கள். இடரை எங்கே ஏற்பது, எங்கே ஏற்பதில்லை என்ற கோடு அங்கேயே இழுக்கப்பட்டுவிட்டது.

முதல் பறத்தலுக்கு முன்பே சோதனை வந்தது. 2021 ஏப்ரல் 9-ஆம் தேதி சுழலிகளை முழு வேகத்தில் சுற்றிப் பார்த்தபோது, பறக்கும் நிலைக்கு மாறுகையில் காவல் கடிகாரம் குறுக்கிட்டு வேலையை நிறுத்தியது. மென்பொருளை முழுவதுமாக மாற்றுவதா, பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை வரிசையைச் சற்றே மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவது வழி நூற்றுக்கு 85 முறைதான் பலிக்கும் என்று அவர்களது சோதனைகள் காட்டின. பலிக்காவிட்டால் ஹெலிகாப்டர் தரையிலேயே பத்திரமாக இருக்கும். மறுநாள் மீண்டும் முயலலாம். எனவே அந்த வழியிலேயே பறந்தார்கள். அளவு தெரிந்து, விளைவு தெரிந்து ஏற்கப்பட்ட இடர் என்பது இதுதான்.

ஆறாவது பறத்தலில், 2021 மே 22-ஆம் தேதி, வழிகாட்டும் கேமராவின் ஒரே ஒரு படம் வழியில் தவறிப்போனது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்தின் நேரக் குறியும் பிசகியது. ஹெலிகாப்டர் தள்ளாடியது. எனினும், குறித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் இறங்கிவிட்டது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராப் படங்களை நம்ப வேண்டாம் என்று வடிவமைத்தவர்கள் முன்பே முடிவு செய்திருந்தனர். அந்த ஒரு முடிவு கலத்தைக் காப்பாற்றியது. செலவோ சுமார் 8.5 கோடி டாலர். அதைச் சுமந்து சென்ற ஊர்தியின் திட்டச் செலவோடு ஒப்பிட்டால் சிறு பங்கு. ஹெலிகாப்டர் விழலாம், ஊர்தியின் மேல் விழக் கூடாது என்பதே மாற்றமில்லாத விதி. எனவே பறக்கும்போதெல்லாம் ஊர்தி தள்ளியே நின்றது.

இதற்கு நேர்மாறானது ஜப்பானின் ஐஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கதை. 2023 ஏப்ரல் 26-ஆம் தேதி (ஜப்பான் நேரப்படி) அதன் ஹகுட்டோ-ஆர் கலம் நிலவில் அட்லஸ் என்ற பள்ளத்தில் இறங்க முயன்றது. பள்ளத்தின் விளிம்பைக் கடந்ததும் தரை திடீரெனச் சுமார் 3 கிலோமீட்டர் கீழே போயிற்று. உயரமானி அதைச் சரியாகவே அளந்து சொன்னது. இத்தனை பெரிய மாற்றம் இருக்க முடியாது, கருவி பழுது என்று மென்பொருள் அதை ஒதுக்கித் தள்ளியது. தரைக்கு வந்துவிட்டதாகக் கருதிய கலம் உண்மையில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. எரிபொருள் தீரும் வரை மெல்ல இறங்கி, பிறகு விழுந்து நொறுங்கியது. வடிவமைப்பு உறுதி செய்யப்பட்ட பிறகு இறங்குமிடம் மாற்றப்பட்டது. புதிய நிலப்பரப்பை வைத்துப் போதிய ஒத்திகை நடக்கவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிக்கிறது. இரண்டிலும் கலத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட நிரலே கலத்தைக் கெடுத்தது. மாற்றுக் கருவிகள் குறைவாக உள்ள சிறிய கலங்களில் இத்தகைய காவல் நிரல்களுக்கு அதிக அதிகாரம் தரப்படுகிறது. ஆனால் அவை வேலை செய்ய வேண்டிய சூழல் அபூர்வமானது என்பதால், குறைவாகவே சோதிக்கப்படுகின்றன. நேரம் குறைவு என்றால் முதலில் கைவிடப்படுவதும் இந்தச் சோதனைகளே. என் மதிப்பீட்டில், சிறிய திட்டங்களில் இதற்கு மட்டும் விலக்கே தரக் கூடாது.

நாடாளுமன்றத்தில் வந்த பதில்: சந்திரயான்-2 தரையிறங்கி 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி நிலவில் மோதியது. அதற்கான அதிகாரபூர்வ விளக்கம் அந்த ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி மக்களவையில் எழுத்துமூலம் கிடைத்தது. முதல் கட்ட இறக்கத்தில், 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் வரை, வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. இரண்டாம் கட்டத்தில் வேகக் குறைப்பு வடிவமைத்த அளவைவிட அதிகமாக இருந்தது. அதனால் அடுத்த கட்டத்தின் தொடக்க நிலைகள் வரம்பை மீறின. கலம் குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் வேகமாக மோதி இறங்கியது என்று இணையமைச்சர் ஜிதேந்திர சிங் தெரிவித்தார்.

நான்கைந்து வரிகளில் துல்லியமான பதில்தான். ஆனால் அந்த வரம்பை யார் வகுத்தார்கள், அதற்கு வெளியே போனால் என்ன ஆகும் என்று ஏன் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விகள் அவையில் பெரிதாகத் தொடரவில்லை. அவற்றுக்கான விளக்கம் பின்னாளில் இஸ்ரோ தலைவராக இருந்த எஸ்.சோமநாத்தின் பேச்சுகளில்தான் வந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை தந்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது, திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு கட்டியிருந்தது. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியதாக இருந்தது என்று அவர் விளக்கினார். சந்திரயான்-3-க்கு அந்த இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. "எது சரியாக நடக்கும்" என்பதற்குப் பதிலாக "எதெல்லாம் தவறலாம்" என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கிடைத்த வெற்றி நாடறிந்தது.

எஸ்எஸ்எல்வி விஷயத்தில் இஸ்ரோ கூடுதல் வெளிப்படையாக நடந்துகொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். தோல்வியின் காரணம் அன்றைய தினமே சுருக்கமாகவும், பின்னர் விரிவாகவும் வெளியிடப்பட்டது. கருவித் தளத்தின் அமைப்பும், இரண்டாம் கட்டத்தைப் பிரிக்கும் முறையும், மென்பொருளின் தர்க்கமும் மாற்றப்பட்டன. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி இரண்டாவது ராக்கெட் 450 கிலோமீட்டர் பாதையில் மூன்று கோள்களைச் சேர்த்தது. அவற்றில் ஒன்று ஆசாதிசாட்-2.

மாணவர் கோள்கள்: இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள், அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ எடை கொண்ட அனுசாட். 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி அது விண்ணில் ஏவப்பட்டது. பெங்களூர், ஹைதராபாத் கல்லூரி மாணவர்களின் ஸ்டூட்சாட் 2010-லும், கான்பூர் ஐஐடியின் ஜுக்னு, எஸ்ஆர்எம் பல்கலைக்கழகத்தின் எஸ்ஆர்எம்சாட் ஆகியவை 2011-லும், சத்யபாமா பல்கலைக்கழகத்தின் கோள் 2016-லும், குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 2017-லும் சென்றன. மாணவர்கள் படித்து வெளியேற, புதியவர்கள் வந்து சேரும் இத்தகைய திட்டங்களில், முந்தைய அணி ஏன் ஒரு வரியை எழுதியது என்பது அடுத்த அணிக்குத் தெரிவதில்லை. ஆகவே இவர்களுக்கு நூறு ஆவணங்கள் தேவையில்லை. ஆனால் முடிவுகளின் காரணத்தைப் பதியும் ஒரு குறிப்பேடு கட்டாயம் தேவை.

பழைய நிரலை எடுத்து அப்படியே பொருத்திக்கொள்ளும் ஆசையும் சிறிய குழுக்களுக்கு அதிகம். ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் 1996 ஜூன் 4-ஆம் தேதி முதல் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் வெடித்ததற்குக் காரணம், ஏரியன்-4-இலிருந்து கொண்டுவந்த நிரல். 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்க முயன்று அது செயலிழந்தது. புதிய ராக்கெட் கிளம்பிய பின் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை என்பதுதான் வேதனை.

யாருடைய இடர்: இடரை ஏற்கிறோம் என்று ஒரு குழு சொல்லும்போது, அது தன்னுடைய இடரா, பிறருடைய இடரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். படம் எடுக்கும் கருவி வேலை செய்யாவிட்டால் நஷ்டம் குழுவுக்கு. ஆனால் 500 கிலோமீட்டர் உயரத்தில் செத்துப்போன கோள் ஆண்டுக்கணக்கில் சுற்றினால், ஆபத்து அந்த வழியே செல்லும் அனைவருக்கும். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமும், 1972-ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையும் இதில் தெளிவாக உள்ளன. தனியார் அனுப்பினாலும், மாணவர் அனுப்பினாலும், பிறருக்கு நேரும் சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. இந்தியா இரண்டிலும் உறுப்பினர்.

இந்த வகையில் இஸ்ரோவின் "போயம்" மேடை நல்ல ஏற்பாடு. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் வேலை முடிந்த நான்காம் கட்டத்தையே சோதனை மேடையாக்கி, நிறுவனங்கள், கல்லூரிகளின் கருவிகளை அதில் பொருத்துகிறார்கள். மேடையின் கட்டுப்பாடு இஸ்ரோவிடம் இருக்கிறது. கருவி பழுதானால் கருவியோடு போயிற்று. 2024 ஜனவரியில் சென்ற மூன்றாவது மேடை, 650 கிலோமீட்டரிலிருந்து 350 கிலோமீட்டருக்கு இறக்கப்பட்டு, அந்த ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்தது.

தனியார் துறைக்கு அனுமதி தருவது, 2020-இல் அறிவிக்கப்பட்ட இன்ஸ்பேஸ் அமைப்பின் பணி. 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது. கொள்கை என்பது சட்டமல்ல. விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு 2017 நவம்பரில் கருத்துக் கேட்புக்காக வெளியிடப்பட்டது. அது இன்னும் சட்டமாகவில்லை.

இதற்கிடையே எஸ்எஸ்எல்வி கைமாறுகிறது. அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்துக்கான ஏலத்தில் 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வென்றது. அந்த ராக்கெட்டுக்கென்றே தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடங்களும் இயந்திரங்களும் கைமாறும். 2022-இல் அவசரப்பட்ட அந்த மென்பொருளை இனிமேல் யார் மாற்றலாம், மாற்றினால் யார் சோதிப்பார், ஒரு சோதனையைத் தவிர்க்க யார் கையெழுத்திடுவார் என்பதெல்லாம் அதனுடன் எழுத்தில் கைமாறுகிறதா என்று உறுப்பினர் எவரும் கேட்கலாம். எத்தனை ஏவினோம், எத்தனை கோடி செலவு என்பதோடு கேள்விகள் நின்றுவிடுவதே இங்கு வழக்கமாக இருக்கிறது. மக்களவையில் கேள்விக்கான முன்னறிவிப்பு 15 முழு நாள்கள். பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ள விண்வெளித் துறைக்கு உரிய நாள் புதன்கிழமை.